தலைமாட்டுக் காற்றாடி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூக்கம் நன்றாக வரும், ஐயா. படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது என்று என் வீட்டுக்காரி காளியாயி கேலி செய்வாள். சத்தம் பொறுக்காத ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

சின்னக்கருப்பன் என் தங்கை வீரம்மாளைக் கட்டியவன். கிளாவரையில் காட்டைத் திருத்திப் பூண்டு போட்டது நாங்கள் இருவரும் சேர்ந்துதான். பன்றிக் காவலுக்கும் சேர்ந்துதான் போவோம்; ஒரே நெருப்பு, ஒரே கம்பளி. போன வருஷம் அவன் கோடைக்கானலுக்குப் போய்விட்டு வந்து, மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மூன்று இறக்கை வைத்த காற்றாடி ஒன்று செய்தான். அது சுற்றும்போது பின்னாலிருக்கும் இரும்பு ஒரு காலி டப்பாவை அடிக்கும்; அந்தச் சத்தத்துக்குப் பன்றி அண்டாது. மேட்டில்தான் காற்று நன்றாக வரும் என்று என் வீட்டுப் பின்சுவரை ஒட்டி நட்டான். தகரத்தை வளைத்துக் கொடுத்ததே நான்தான். இருவர் தோட்டத்துக்கும் பொது என்று சொன்னான், நம்பினேன்.

காற்று அந்தச் சத்தத்தை அவன் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோனது. பன்றிகள் அங்கிருந்து கிளம்பி என் தோட்டத்துக்குள் இறங்கின. அவன் காவலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். எனக்கு மிஞ்சியது தலைமாட்டில் கடகடப்பு. காளியாயி தலைவலி தாங்காமல் மன்னவனூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பொழுது சாய்ந்தால் காற்றாடியைக் கட்டிவைப்பதாக ஊர்க் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். இரண்டு நாள் கட்டினான். அப்புறம் டீக்கடையில் எல்லார் முன்னாலும், "எங்க மச்சானுக்குக் காத்தாடி எரைச்சலா இருக்காம்ல. பிடிக்கலைன்னா புடுங்கி எங்கயாச்சும் நட்டுக்கிடட்டும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூடப் பிறந்தவனைப் போல வைத்திருந்தேன் அவனை.

எங்கள் ஊரில் மஞ்சு இறங்கினால் நீட்டிய கை தெரியாது. ஊருக்குள் நுழையுமுன் வருகிற கடைசிப் புல்வெளியில் தடமும் கிடையாது. வெளியே போன ஆள் வந்து சேரும்வரை வீட்டுப் பெண் வாசலில் நின்று தகரத் தட்டைத் தட்டுவாள். அந்தச் சத்தத்தைப் பிடித்து நடந்தால் வீடு. காற்றாடி வந்த பிறகு வீரம்மாள் தட்டுவதை விட்டுவிட்டாள். "இவ எதுக்குக் கை நோகத் தட்டணும்? காத்தாடி இருக்கு, கண்ண மூடிக்கிட்டு வெரசா வந்துருவேன்" என்று அவன்தான் பெருமையடித்தான்.

அன்று அவன் பூம்பாறைக்குப் பூண்டு கொண்டுபோயிருந்தான். மதியத்துக்கு மேல் மஞ்சு கட்டியது. எங்கேயாவது நட்டுக்கொள்ளச் சொன்னவன் அவன். நட்டேன். புல்வெளியின் மறுகோடியில், பாறை முடிந்து பள்ளம் தொடங்குகிற இடத்தில். நீங்கள் அங்கே பார்த்த புதுக் குழி நான் தோண்டியதுதான். காற்று அங்கே இன்னும் பலம்; சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

திரும்பும் வழியில் வீரம்மாள் வாசலில் நின்றாள். "அண்ணே, இன்னிக்குச் சத்தம் ஒரு தினுசாக் கேக்குதே. தகரத்தத் தட்டவா?"

"காத்தாடிதான் சுத்துதே தாயி. போயி அடுப்புச் சோலியப் பாரு."

என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. உள்ளே போனாள்.

நான் புல்வெளிக்குப் போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அவன் செருமுவது கேட்டது. வேகமாகத்தான் நடந்தான்; பசியாக இருந்திருக்கும். என்னைத் தாண்டிப் போன பிறகு, "மச்சான்" என்று ஒரு தடவை கூப்பிட்டான். விழும்போது கூப்பிட்டானா, அதற்கு முன்னாலா, தெரியவில்லை. நான் பதில் சொல்லியிருந்தாலும் அந்த இரைச்சலில் கேட்டிருக்காது.

மஞ்சு கலைவதற்குள் கம்பத்தைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டேன். நான் அவனைத் தொடவில்லை. தூங்க விடாத ஒரு சத்தத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்தேன், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி, பல மாதமாக வராத தூக்கம் வந்தது. புருஷன் வருவான் என்று வீரம்மாள் விடிய விடிய வாசலில் நின்றிருக்கிறாள். என் தலைமாட்டில் காற்றாடி ஒரு நிமிஷம்கூட ஓயவில்லை என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.