கேட்டுவிட்டுக் கொடுத்த ஜன்னலம்மா

மேடையில் இருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் அவர்களே, மகளே, ஓட்டுநர் நடத்துநர் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் இங்கே பேருந்து கழுவியவன். இந்தத் தாளை நானே எழுதினேன். இந்த வயதில் எழுத வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். அதை இன்று எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பணிமனை மருந்தகத்தின் ஜன்னலில் உட்கார்ந்து மருந்து கொடுத்ததால் நாம் ஜன்னலம்மா என்று அழைத்த நம் மருந்தாளுநர் அம்மையார் போன வாரம் வீட்டில் மயங்கி விழுந்தார். பிறகு எழவில்லை. செய்தி வந்தபோது நான் உட்கார்ந்திருந்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

ஜன்னலம்மா யார்? மாத்திரையை எடுத்து நீட்டியவரா? அதற்கு ஒரு கை போதும். அவர் கேட்டுவிட்டுக் கொடுத்தவர்.

அசித்ரோமைசின் மாத்திரை இங்கே எல்லோருக்கும் தெரியும். தொண்டையிலோ நெஞ்சிலோ கிருமி பிடித்தால் மருத்துவர் எழுதுவது. வெறும் சளிக்கு அதைக் கேட்டு ஓட்டுநர் ஒருவர் ஜன்னலில் மல்லுக்கு நின்றார்.

"சளிக்கு இது கேக்காதுண்ணே. சீட்டும் இல்ல."

"போன தடவ கேட்டுச்சேம்மா?"

"போன தடவ சளி தானாப் போச்சு. மாத்திரை பேரு வாங்கிக்கிச்சு."

அந்த ஓட்டுநருக்குப் பிறகு ஒருநாள் உண்மையாகவே நெஞ்சில் கிருமி. மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஒரு வண்டியில் போகும் ஓட்டுநரும் நடத்துநரும் சோற்று டப்பா முதல் சீப்பு வரை பங்கு போடுகிறவர்கள் அல்லவா? காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை இவர் தம் நடத்துநருக்குக் கொடுத்துவிட்டார். இருவரும் இருமிக்கொண்டே ஜன்னலுக்கு வந்தார்கள்.

"ஆளுக்குப் பாதியா? கிருமிக்கும் அரைநாள் லீவு குடுத்திருக்கீங்க. யாருக்கு எழுதினாங்களோ அவங்கதான் சாப்பிடணும். எழுதின நாள் முடியுற வரைக்கும் சாப்பிடணும்."

இருவரையும் அவரே மருத்துவரிடம் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு அந்த வண்டி வாசலைத் தாண்டும்போதெல்லாம், "முடிச்சீங்களா?" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும். வண்டியிலிருந்து இரண்டு தலைகள் ஆடும்.

என் வீட்டுக்காரிக்கு அந்த மாத்திரை எழுதப்பட்டபோதும் அவர் கேட்டார்.

"அக்கா, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா படபடப்புக்கு ஒண்ணு."

"சும்மாவா? அதைக் கொண்டாங்க, பாப்போம்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. "விசாரணை முடிஞ்சாத்தான்பா நமக்கு மாத்திரை," என்றார் ஒருவர். இவள் கோபத்தோடு வீட்டுக்குப் போய் எடுத்து வந்தாள். அது இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் சிலருக்குத் துடிப்பே தடம் மாறிவிடுமாம். ஜன்னலம்மா அங்கேயே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவர் வேறு மருந்து எழுதினார். வரிசை காத்திருந்தது. இவள் பிழைத்திருக்கிறாள்.

இனி யார் கேட்பார்? செய்தி வந்ததிலிருந்து எனக்கு வேறு எண்ணம் இல்லை.

முந்தாநாள் இவளுக்கு மறுபடி நெஞ்சுச் சளி, காய்ச்சல். வெளியில் ஒரு மருத்துவரிடம் போனோம். சீட்டோடு நம் ஜன்னலுக்கு வந்தோம். புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு முன்னால் நீண்ட வரிசை. உறையில் போட்டு நீட்டினார். கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வந்து இரண்டு நாள்தான். இவள் உறையை வாங்கவில்லை.

"தம்பி, நீங்க கேக்கல. நானே சொல்றேன். நான் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுறவ. இது சேருமா?"

தம்பி சீட்டைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். "ஒரு நிமிஷம்மா," என்று தொலைபேசியை எடுத்தார். மருந்து மாறியது.

தோழர்களே, சிலை வேண்டாம், படம் போதும். கேட்காவிட்டாலும் சொல்வோம். பங்கு போட மாட்டோம். பாதியில் நிறுத்த மாட்டோம். வரிசையில் முன்னால் நிற்பவர் பேசி முடிக்கும் வரை முணுமுணுக்க மாட்டோம். ஜன்னலம்மாவுக்கு நாம் கொடுக்கும் வாக்கு இதுதான்.

நான் பேசத் தொடங்கியதிலிருந்து பின்வரிசையில் யாரோ இருமுகிறார்களே என்று சிலர் திரும்பிப் பார்த்தீர்கள். அது என் வீட்டுக்காரிதான். அவள் இருமட்டும்.