ஈரக்கூந்தல், பழைய பதிப்பு

தாமார்: இல்ல, நான் வாங்க வரல. வாங்கினதைப் பத்திக் கேக்க வந்தேன்.

உத்தாரி: கேளுங்க பாக். ஆனா நான் இந்த மேசைக்குச் சும்மா காவல். கடைக்காரங்க வெளியில போயிருக்காங்க.

தாமார்: பாக்கா?... நாலு வருஷம் கழிச்சு நேர்ல சந்திக்கிறோம், பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிடற மாதிரி 'பாக்'குங்கறே. 'மாஸ்... மாஸ்'னு வீடு பூரா கூப்பிட்ட வாய்தானே இது?

உத்தாரி: கண்காட்சிக்கு வர்ற பெரிய மனுஷங்களை மரியாதையா கூப்பிடணும்னு சொல்லியிருக்காங்க. வாசல்ல உங்க படம் ஆளுயரத்துக்கு நிக்குது. படக்கதை ராஜா தாமார்!

தாமார்: அந்தப் படத்துல மூக்கு என்னோடது இல்ல.

உத்தாரி: அதான்... என்னடா, ஆள் நல்லா இருக்காரேன்னு பார்த்தேன்.

தாமார்: சிரிக்காதே. சரி, உன் கடைக்காரங்க எப்ப வருவாங்க?

உத்தாரி: சொல்லிட்டுப் போகல.

தாமார்: ஆள் யாரு? ஆம்பளையா, பொம்பளையா?

உத்தாரி: எனக்கென்ன தெரியும்? பலகையில 'சில்வண்டு பிரஷ் கடை'ன்னு போட்டிருக்கு. உக்காரச் சொன்னாங்க, உக்காந்திருக்கேன்.

தாமார்: பொருத்தமான பேருதான். சத்தம் மட்டும் ஊருக்கே கேக்கும், கண்ணுல மட்டும் படாது... உன் கடைக்காரங்ககிட்ட ஒரு புகார் சொல்லணும். சொல்லுவியா?

உத்தாரி: காதுல போட்டு வைக்கிறேன்.

தாமார்: 'ஈரக்கூந்தல்'னு ஒரு பிரஷ் விக்கறாங்க இல்ல? கம்ப்யூட்டர்ல தலைமுடி வரையறதுக்கு. அதைப் போன மாசம் மாத்திட்டாங்க. நான் பாட்டுக்கு வரைஞ்சுக்கிட்டிருக்கேன், ஒருநாள் காலையில திறந்தா... புதுப் பதிப்பு வந்து உக்காந்திருக்கு. ஒரு வார்த்தை கேக்கல, கொள்ளல.

உத்தாரி: புதுசு நல்லாத்தானே இருக்கு? எல்லாரும் பாராட்டி எழுதறாங்க.

தாமார்: எல்லாரும் எழுதட்டும். என் கதாநாயகி கினாந்திக்கு ஆகல.

உத்தாரி: அவளுக்கென்ன?

தாமார்: என்னவா! ஆத்துல படகோட்டுற பொண்ணு. அவ முடி எந்நேரமும் நனைஞ்சு, கனத்து, முதுகோட ஒட்டிக் கிடக்கணும். புதுசுல போட்டா விளம்பரத்துல வர்ற பொண்ணு மாதிரி பறக்குது. போன வாரம் வாசகர்கள் கேக்கறாங்க, கினாந்தி சலூனுக்குப் போயிட்டு வந்தாளான்னு.

உத்தாரி: ஹ்ம்... நானும் பார்த்தேன். சுருள் சுருளா...

தாமார்: பார்த்தியா? நீ இன்னும் படிக்கறியா?

உத்தாரி: யாரோ போன்ல காட்டினாங்க.

தாமார்: சரி, யாரோ. விஷயம் இதுதான். இன்னும் ஒரே ஒரு அத்தியாயம், அதோட கினாந்தி கதை முடியுது. கடைசி அத்தியாயத்துல அவ வேற யாரோ மாதிரி தெரியக்கூடாது. எனக்குப் பழைய ஈரக்கூந்தல் வேணும். உன் கடைக்காரங்ககிட்ட கேட்டு வாங்கிக் குடு.

உத்தாரி: குடுக்க மாட்டாங்க.

தாமார்: கேட்டியா? கேக்காமலே எப்படி...

உத்தாரி: பழசைப் பத்தி வந்த வசவு கொஞ்சமா நஞ்சமா? 'கடையில எல்லாம் சரி, ஈரக்கூந்தல் மட்டும் கழுதை'ன்னு எழுதினாங்க. உடம்பு பலம் பூரா குடுத்து அழுத்தினாத்தான் ஒரு இழை விழுதாம். வலது கைக்காரங்க போட்டா இழையெல்லாம் எதிர்ப்பக்கமா படுத்துக்குதாம். ஒருத்தி கை வீங்கிப் போய் படமே அனுப்பிட்டா.

தாமார்: எனக்கு அப்படி இல்லையே. வாங்கின அன்னைக்கே ஒரு கோடு போட்டேன்... அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருந்துச்சு.

உத்தாரி: நீங்க இடது கை. உலகத்துல இடது கைக்காரங்க நிறைய.

தாமார்: இடது கை. பேனாவை வாலைப் பிடிக்கிற மாதிரி கடைசியில பிடிக்கிறவன். ஆரம்பத்துல ஆணி அடிக்கிற மாதிரி அழுத்திட்டு, முடியப்போற நேரத்துல பயந்து தூக்கிடறவன். இப்படியும் நிறைய பேரா?

உத்தாரி: பயந்து தூக்கறது உங்க வழக்கம்தானே. கோட்டுல மட்டுமா? தள்ளி நில்லுங்க பாக், பின்னாடி ஆள் வர்றாங்க.

மிராஹ்: உத்தாரி! இந்தா, தெம்பே வறுவல், சூடு ஆறறதுக்குள்ள தின்னு. மிளகா தனியா வெச்சிருக்கேன். என் மேசைக்கு ஒரு கும்பல் வந்து நிக்குது, சில்வண்டுகிட்ட கையெழுத்து வேணுமாம். என்ன சொல்ல?

உத்தாரி: கடைக்காரங்க வெளியில போயிருக்காங்கன்னு சொல்லு.

மிராஹ்: எந்தக் கடைக்காரங்க? நீதானே...

உத்தாரி: மிராஹ்!

மிராஹ்: என்ன கண்ணை உருட்டறே? இவர் யாரு... ஓ. ஓஹோ! வாசல்ல நிக்கிற மூக்கு!

தாமார்: அது என் மூக்கு இல்லைங்க.

மிராஹ்: நேர்ல கொஞ்சம் சப்பைதான். வணக்கம் மாஸ், நான் பக்கத்து மேசை, ஸ்டிக்கர் விக்கறேன். உங்க கதைக்கு இவளை மாதிரி ஒரு வாசகி கிடைக்க மாட்டா. வெள்ளிக்கிழமை ஆனா போதும், கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டா. அந்தப் பொண்ணோட முடியை மட்டும் பெரிசாக்கி, பெரிசாக்கி...

உத்தாரி: உன் ஸ்டிக்கரையெல்லாம் எவனோ எடுத்துக்கிட்டு ஓடறான், போய்ப் பாரு.

மிராஹ்: பொய். சரி, போறேன், போறேன். மாஸ், நீங்களும் ரெண்டு எடுத்துக்கோங்க. மிளகாயை மட்டும் பார்த்துக் கடிங்க, அதுவும் இவ மாதிரிதான்.

தாமார்: ... யாரோ போன்ல காட்டினாங்களா?

உத்தாரி: அவளுக்கு வாயில பூட்டு கிடையாது. தின்னுங்க, ஆறிடும்.

தாமார்: சரி. நான் உன் கடைக்காரங்களைப் பத்தியே பேசறேன். எனக்கு என்ன ஆச்சரியம்னா... இத்தனை பேர் திட்டியும் நாலு வருஷமா அதைத் திருத்தாம வெச்சிருந்தாங்களே, ஏன்?

உத்தாரி: சோம்பேறித்தனமா இருக்கும்.

தாமார்: மத்த பிரஷ்ஷையெல்லாம் மாசாமாசம் திருத்தற ஆளு.

உத்தாரி: மறந்திருப்பாங்க.

தாமார்: அந்த பிரஷ்ஷோட முனையை ஒருநாள் பெரிசு பண்ணிப் பார்த்தேன். திரை முழுக்க வர்ற அளவுக்கு. சின்னதா இருந்தா முடி இழை. பெரிசாக்கினா தேங்கா நார். மையில முக்கிக் காகிதத்துல ஒத்தியெடுத்து, போட்டோ பிடிச்சு, வெள்ளையைக் கழிச்சிருக்காங்க. அழகான வேலை.

உத்தாரி: தேங்கா நார் எந்த வீட்டுல இல்ல?

தாமார்: ஓரத்துல ஒரு முடிச்சு இருக்கு. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். நம்ம வாடகை வீட்டுக் குழாயடியில கிடந்துதே, நீ பாத்திரம் தேய்க்கிற நார்...

உத்தாரி: அது ஒண்ணும் பாத்திரம் தேய்க்கிற நார் இல்ல, நீ செருப்புச் சேறு தேய்ச்ச நார், மாஸ்! பாத்திர நார் ஜன்னல்ல இருக்கும், எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ரெண்டையும் மாத்தி மாத்தி...

தாமார்: கடைக்காரங்க வந்துட்டாங்க போல.

உத்தாரி: சிரிச்சேன்னு வெச்சுக்கோ, இந்த மிளகா மொத்தத்தையும் வாயில திணிப்பேன்.

தாமார்: சிரிக்கல. அழற மாதிரி இருக்கு, அதான் உதட்டைக் கடிச்சிருக்கேன். முதல் கோட்டுலயே எனக்குத் தெரியும் உத்தாரி. சில்வண்டு நீதான்னு அன்னைக்கே தெரியும்.

உத்தாரி: தெரிஞ்சும் நாலு வருஷம் ஒரு வார்த்தை அனுப்பல.

தாமார்: அனுப்பினா கடையை மூடிட்டுப் போயிடுவியோன்னு பயம். உன் கடை திறந்திருக்கிற வரைக்கும் ஏதோ ஒரு கயிறு இருக்கிற மாதிரி... அதை இழுத்துப் பார்த்து அறுந்துட்டா?

உத்தாரி: நல்ல ஆளு. கயித்தைப் பிடிச்சுக்கிட்டே ஜகார்த்தாவுல உக்காந்திருந்தியாக்கும்!

தாமார்: நான் ரெண்டு டிக்கெட் எடுத்தேன். மறந்துட்டியா? ரயில்ல எதிர் சீட்டு காலியா வந்துச்சு. ஒரு ஆளு உக்காரப் பார்த்தான். சண்டை போட்டு எழுப்பி விட்டேன். சிரெபோன் ஸ்டேஷன் தாண்டற வரைக்கும் யாரையும் உக்கார விடல.

உத்தாரி: சிரெபோன்ல நான் ஏறுவேன்னு நினைச்சியா?

தாமார்: என்ன நினைச்சேன்னு எனக்கே தெரியல. நீ ஏன் வரல?

உத்தாரி: நீ கூப்பிடல.

தாமார்: கூப்பிடலையா? நடு வீட்டுல நின்னுக்கிட்டு...

உத்தாரி: பெட்டியைக் கட்டி, படம் வரையற டேப்லெட்டைத் துணியில சுத்தி, செருப்பையும் மாட்டிக்கிட்டு, 'கிளம்பலாமா'ன்னே. 'நீ வர்றியா'ன்னு கேக்கல.

தாமார்: ரெண்டும் ஒண்ணுதானே?

உத்தாரி: ஒண்ணு இல்ல மாஸ். ஒண்ணுன்னு நீ நினைச்சே பாரு, அங்கதான் எனக்கு உக்காரணும்னு தோணிச்சு. உக்காந்துட்டேன். எழுந்திருக்கவே இல்ல.

தாமார்: ... இப்ப கேட்டா?

உத்தாரி: என்ன கேப்பே?

தாமார்: வேண்டாம். இப்ப கேக்க எனக்கு என்ன உரிமை?

உத்தாரி: பாரு. தூக்கிட்டே பேனாவை.

தாமார்: நீ கேலி பண்ணு. எனக்கு உன் ஞாபகம் இல்லாம ஒரு படம் போனதில்ல. முடிக்கு வர்றப்ப எல்லாம் அந்த பிரஷ்ஷைத் தொடறேன்ல... நீ என் கையை இவ்வளவு ஞாபகம் வெச்சிருக்கியேன்னு தோணும். சில நாள் தேவையே இல்லாம கினாந்தியைக் குளிக்க வெப்பேன்.

உத்தாரி: அதான் அந்தப் பொண்ணு வாரத்துக்கு ஒரு தடவை ஆத்துல விழுந்தாளா! பாவம், ஜலதோஷம் பிடிச்சுச் சாகப்போறான்னு மிராஹ் திட்டுவா.

தாமார்: விழ வெச்சது நீ.

உத்தாரி: ... சரி, இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. நீ எதையுமே தூக்கிப் போடாதவன். பழைய மின்கட்டண ரசீதைக் கூட மூணு இடத்துல சேமிச்சு வைப்பே. புதுப் பதிப்பு வந்து பழசை அழிச்சிருச்சுன்னு சின்னக் குழந்தை சொன்னா நம்புவேன். நீ சொன்னா?

தாமார்: அது... தானா வந்து...

உத்தாரி: பழைய ஈரக்கூந்தல் உன்கிட்ட இருக்கா, இல்லையா?

தாமார்: இருக்கு.

உத்தாரி: எத்தனை பிரதி?

தாமார்: எண்ணல. நிறைய.

உத்தாரி: அப்ப போன வாரம் கினாந்திக்கு ஏன் பறக்கற முடி? வேணும்னே புதுசுல போட்டியா?

தாமார்: ஆமா.

உத்தாரி: உன் கதையையே கெடுத்துக்கிட்டு? எதுக்கு?

தாமார்: அந்தப் புதுசை விட்டு எழுந்திருக்க முடியல, அதான். கையைச் சுளுக்கிக்கிட்டு வரைஞ்சு வரைஞ்சு பார்த்தேன். அது யாரோ ஒரு ஆளோட கை, உத்தாரி. ஊருக்குப் பொதுவா செஞ்சது இல்ல. எனக்குத் தெரியாதா, நீ பொதுவா எதையும் செய்ய மாட்டே. வலது கை. தொட்டும் தொடாம ஆரம்பிக்குது. அவசரமே இல்ல. நடுவுல மெள்ள மெள்ள அழுத்தம் கூடி... கடைசி வரைக்கும் விடாம கொண்டுபோய் முடிக்குது. பயமே கிடையாது அந்தக் கைக்கு. ரொம்ப அழகான கை. அதுதான் எனக்குத் தாங்கல.

உத்தாரி: ... அதுக்காகவா ஜகார்த்தாவுலேருந்து வந்தே?

தாமார்: அதுக்காகத்தான். பிரஷ்ஷும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாலு வருஷமா என் கைக்கு வெச்சிருந்ததை ஒருநாள்ல எடுத்துட்டு, வேற ஒருத்தர் கைக்கு வெச்சிருக்கே. யாரு அவரு? கூட இருக்காரா? நீ... நல்லா இருக்கியா அவரோட? சொல்லிடு. கேட்டுட்டுப் போயிடறேன்.

உத்தாரி: போயிடுவியா?

தாமார்: சத்தியமா. சண்டையே போட மாட்டேன். பேரை மட்டும் சொல்லு.

உத்தாரி: ஆறு வருஷம் நம்ம வீட்டுல ஒரே ஒரு டேப்லெட் மாஸ். நீ தூங்கினப்புறம் நான் உக்காந்து உன் படத்துக்கெல்லாம் வண்ணம் போட்டேன், உன் கைக்கு வெச்ச பிரஷ்லயே, மணிக்கட்டை முறுக்கி முறுக்கி. அப்புறம் கடை போட்டப்பவும் ஈரக்கூந்தலை உன் கைக்கேதான் வெச்சு வித்தேன். போன மாசம்தான் முதல் தடவையா எனக்குன்னு ஒண்ணு வெச்சுப் பார்த்தேன். வெச்சுட்டு, நீ ஒரு கோடு போட்டதும் யாருன்னு தெரிஞ்சு ஓடி வருவேன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்... வந்துட்டே. வந்து, யாருன்னு கேக்கறே.