எண் இரண்டில் ஊற்றிய எண்ணெய்

காயத்ரி மேடம், நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல். குறையாகச் சொல்லவில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஓர் இன்ஸ்பெக்டர், தானாக வந்து நிற்கும் ஆளை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, தாளும் பேனாவும் கொடுத்து, "நிதானமா எழுதுங்க சார்" என்று சொல்வதே பெரிய விஷயம். படித்து முடித்த பிறகு அந்த 'சார்' இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

பெயர் சதாசிவம், வயது ஐம்பத்தொன்று, வீடு பொத்தேரி. கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் திருவேங்கடம் நடத்தும் சிறிய மசகு எண்ணெய்க் கம்பெனியில் இருபத்து மூன்று வருடமாகக் கெமிஸ்ட். மோகனைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். அவன் தங்கை புருஷன் பாலா கடலுக்கடியில் செத்ததற்கு அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று பத்தொன்பது நாளாகச் செங்கல்பட்டு ஜெயிலில் வைத்திருக்கிறீர்கள். அவன் தப்பு செய்யவில்லை. தப்பு எண்ணெயில் இருந்தது. அந்த எண்ணெயைக் கொடுத்தவன் நான்.

எண்ணெயைப் பற்றி நாலு வரி எழுதினால்தான் மற்றது புரியும். நறுக்கிய வாழைக்காயைத் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துப்போகிறதல்லவா? காற்று பட்டுக் கெடுகிறது. சூடான இயந்திரத்துக்குள் எண்ணெயும் அப்படித்தான் கெடுகிறது. சிந்தெட்டிக் எண்ணெய் கெடாது என்று கடைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். கெடும், கொஞ்சம் தாமதமாகக் கெடும். அதனால் அதில் ஒரு மருந்து சேர்ப்போம். காற்றும் சூடும் எண்ணெயைத் தொடுவதற்கு முன்னால் அந்த மருந்து தானே போய் அடி வாங்கிக்கொள்ளும். மருந்து இருக்கும்வரை எண்ணெய் பிழைத்துக் கிடக்கும். தீர்ந்துபோனால் புளிக்கும், பிசினாகும், வால்வில் கரியாகப் படியும். கரி சூட்டை ஏற்றும், சூடு இன்னும் கரியைச் சேர்க்கும். அந்த வேக்காட்டில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். உங்கள் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருப்பது அந்தப் பெயர்தான்.

நான் சொந்தமாக ஒரு மருந்துக் கலவை செய்தேன். ஏழு வருட வேலை. ஓவனில் வாரக்கணக்காக வேகவைத்தும் என் எண்ணெய் நிறம் மாறவில்லை. அதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர், இதையெல்லாம் ஓடும் இயந்திரத்தில் காட்டுங்கள் என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். திருவேங்கடமும் திரும்பி வரும்போது காரில் அதையேதான் சொன்னார். "ஓவன்ல வெந்தத எவன் சாமி நம்புவான்? மிஷின்ல ஓட்டிக் காட்டு." அன்றைக்குப் பட்ட அவமானத்தை இன்றும் என்னால் விழுங்க முடியவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் ஓர் ஆய்வு இதழில்கூட என் பெயர் வந்ததில்லை.

போன ஐப்பசியில் எண்ணெய் கேட்டு மோகன் கம்பெனிக்கு வந்தான். அவனும் பாலாவும் செய்யூர்ப் பக்கம். கிணற்றில் விழுந்த மோட்டார்களை மூழ்கி எடுத்துப் பழகியவர்கள். பிறகு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு கொட்டகை போட்டு, இறால் குஞ்சுப் பண்ணைகளின் கடல்நீர்க் குழாய்களில் அடைந்த சிப்பியைச் சுரண்டும் வேலைக்கு இறங்கியிருந்தார்கள். பாலா மூழ்குவான், மோகன் மேலே இருந்து, அவன் முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டரில் காற்று அடைப்பான். காற்று அடைக்க இரண்டு கம்ப்ரசர்கள். ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியவை, ஒரே கொட்டகை, ஒரே ஆளுடைய கை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்கு எங்கே கிடைக்கும்?

எண்ணெய் முழுவதும் இனாமாகத் தருகிறேன், முந்நூறு மணி நேரத்துக்கு மாற்ற வேண்டாம், மாதம் ஒருமுறை நான் வந்து சாம்பிள் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நூறு மணிக்கு ஒருமுறை மாற்றிப் பழகியவன் மோகன். "நீ சொன்னா சரி சார்," என்றான். கம்ப்ரசர் எண் ஒன்றுக்கு நீல மூடி கேன், எண் இரண்டுக்குச் சிவப்பு மூடி கேன். இரண்டையும் கலந்துவிடாதே என்று நான் சொன்னதற்காக அவன் தனித்தனிப் புனல் வாங்கி, அதிலும் நீலத் துணி, சிவப்புத் துணி கட்டிவைத்தான்.

நீல மூடியில் என் மருந்து இருந்தது. சிவப்பு மூடியில் எந்த மருந்தும் இல்லை.

சோதனை என்றால் அப்படித்தான் மேடம். மருந்து போட்டது ஒன்று, போடாதது ஒன்று. போடாதது கெட்டால்தான் போட்டது நல்லது என்று தெரியும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். டயர் மூச்சு விடாது என்பதை நான் யோசிக்கவில்லை என்று எழுதத்தான் இங்கே பேனாவை வைத்தேன். யோசித்தேன். கெட்டுப்போகும் நிலை வந்தால் சாம்பிளில் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், அப்போது நிறுத்திக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மோகனுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலண்டர் தாளைக் கிழித்து, இயந்திரத்து எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, வெயிலில் பிடித்துப் பார்ப்பான். தேன் நிறத்துக்குப் போனால் மாற்றிவிடுவான். படிக்காத ஆளுக்கு அது நல்ல பழக்கம், பெரிய கம்பெனிகளிலேயே பலர் செய்வதில்லை. ஆனால் அவன் பாதியில் மாற்றிவிட்டால் என் கணக்கு கெட்டுப்போகும். அதனால் இரண்டு கேனிலும் கரும்பச்சைச் சாயம் கலந்தேன். பார்க்கிறவனுக்கு எது எதுவென்று தெரியக் கூடாது என்பதும் சோதனையில் ஒரு விதிதான்.

"இன்னா சார், ரெண்டும் ஒரே மாதிரி பச்சையாக் கீது? கெட்டாத் தெரியாதே," என்றான் மோகன்.

"தெரியவேண்டியது எனக்குப்பா. நான்தான் பாக்கறேனே," என்றேன்.

அவன் அதற்குப் பிறகு தாளில் சொட்டு விடவில்லை. அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு தாள்தான் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதச் சாம்பிளில் எண் இரண்டு புளிக்கத் தொடங்கியிருந்தது. மாசியில் நன்றாகவே புளித்திருந்தது. நிறுத்த வேண்டிய இடம் அதுதான். இன்னும் ஒரு மாதம் ஓடினால் வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறும், யாரும் சிரிக்க முடியாது என்று தோன்றியது. அந்தச் சமயத்தில்தான் மோகன் போனில் பேச்சுவாக்கில் சொன்னான். "மச்சானுக்குத் தலவலி சார். கரைக்கு வந்தா ரெண்டு மணி நேரம் படுத்துக்கினே கீறான். வெயில் ஒத்துக்கல போல." இருக்கும்பா, மோர் குடிக்கச் சொல் என்றேன். எந்த எண்ணில் அடைத்த காற்று என்று மட்டும் கேட்டுக்கொண்டு, போனை வைத்துவிட்டு நோட்டில் தேதியை எழுதினேன். மாசியில் நாலு தேதி இருக்கிறது. பங்குனியில் ஏழு. பக்கத்தில் எந்த எண் இயந்திரத்துக் காற்று என்பதும் இருக்கும். எல்லாம் இரண்டுதான். அந்த நோட்டை மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

வாசனையிலாவது தெரிந்திருக்குமே என்று நினைப்பீர்கள். சிலிண்டருக்குப் போகும் வழியில் இருக்கும் கரி வடிகட்டி எண்ணெய் வாசனையைப் பிடித்துவிடும். இந்த வாயுவை மட்டும் விட்டுவிடும். பாலாவுக்குக் கடைசி வரை காற்று சுத்தமாகத்தான் பட்டிருக்கும்.

அவன் செத்த பிறகு நீங்கள் என்னைக் கூப்பிட்டு நிபுணர் என்ற முறையில் கருத்துக் கேட்டீர்கள். கம்ப்ரசரை ஓட்டும் பெட்ரோல் என்ஜினின் புகை, காற்று இழுக்கும் குழாயில் புகுந்திருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாய்ப்பு உண்டுதான், அது பொய்யில்லை. அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் மோகனை உள்ளே போட்டீர்கள்.

பாலாவின் மனைவி பெயர் வேண்டா. கருமாதி அன்று என்னிடம் வந்தாள். மோகனின் கூடப் பிறந்த தங்கை. "பொகைதான் போயிருக்குமா சார்? எங்கண்ணன் பாக்காம வுட்டுட்டானா? நீங்க படிச்சவரு, நீங்க சொன்னா நான் நம்புறேன்," என்றாள். நான் தலையை ஆட்டினேன். "அப்போ அவன் இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, எனக்குச் சாப்பாடு போட்டாள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஜெயிலில் அண்ணன், சுடுகாட்டில் புருஷன், நடுவில் அந்தப் பெண் என் ஒரு தலையாட்டலை நம்பி நிற்கிறாள். அதைப் பொறுக்க முடியாமல்தான் வந்தேன்.

இதுவரை எழுதியதை நேற்று வீட்டிலும் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அதில் இந்த இடத்தில், 'அன்றைக்கு இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது' என்று முடித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது எடுத்துக் கிழித்துப்போட்டேன். அந்த ஒரு வரி பொய்.

பங்குனி இருபத்தாறாம் தேதி காலை நான் கடற்கரையில்தான் இருந்தேன். சாம்பிள் எடுக்கப் போயிருந்தேன். கரையில் மூன்று சிலிண்டர்கள் நின்றன. எண் ஒன்றில் அடைத்தது ஒன்று, எண் இரண்டில் அடைத்தவை இரண்டு. மோகன் ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் அந்தந்த நிறத் துணி கட்டியிருந்தான். சிவப்பில் ஒன்றை முடித்துவிட்டுப் பாலா மேலே வந்து மணலில் உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான். மோகன் சோடா வாங்கப் போயிருந்தான்.

"சார், காத்து நல்லாக் கீதானு கொஞ்சம் பாத்துச் சொல்லு சார். தல வெடிக்கிது," என்றான்.

என் பையில் அந்த வாயுவை அளக்கும் மீட்டர் இருந்தது. மிச்சமிருந்த சிவப்புத் துணி சிலிண்டரைப் படகு மறைவுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்து பார்த்தேன். பத்துக்கு மேல் போகக் கூடாத எண், முந்நூற்று எண்பதில் நின்றது. தண்ணீருக்கடியில் அழுத்தம் கூடும், அந்த வாயுவின் விஷ வேகம் இரட்டிப்பாகும் என்பது எனக்குப் பாடம். நீலத் துணி சிலிண்டர் மூன்றடி தூரத்தில் இருந்தது. ஆனால் ஒருமுறை வந்த அளவைத் தற்செயல் என்பார்கள். இன்னொரு முறையும் அவனுக்கு அதே மாதிரி வந்தால்தான் முடிவு என்று எழுத முடியும். வெறும் தலைவலியோடு வருவான் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

"காத்து சுத்தமா இருக்கு பாலா. வெயில்தான்," என்றேன். சிவப்புத் துணி சிலிண்டரை நானே அவன் முதுகில் மாட்டி, வாரை இறுக்கிவிட்டேன். "தேங்ஸ் சார்," என்று சொல்லிவிட்டு இறங்கினான். நேரம் பதினொன்று நாற்பது. அதையும் நோட்டில் எழுதினேன்.

நான் கொன்றேன் மேடம். இதற்கு வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மோகனை இன்றைக்கே விடுவிக்க ஏற்பாடு செய்யுங்கள். வேண்டாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. நீங்கள் பூட்டி வைத்திருக்கும் கொட்டகையில் எண் இரண்டின் எண்ணெயை எடுத்து எந்தச் சோதனைக்கூடத்துக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். மோகன் நிரபராதி என்று நிரூபிக்க அது ஒன்றே போதும்.

ஆனாலும் எண் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இருநூற்றுப் பத்து மணி நேரம் ஓடியும் அது கொஞ்சம்கூடக் கெட்டிருக்காது.