மடிக்கிறதை மட்டும் கேக்காதீங்க

அந்த வெள்ளைச் சட்டையோடவா அடுப்புகிட்ட நிக்கப் போறீங்க? வேணாம் சார், சொன்னாக் கேளுங்க. ஏற்கெனவே ஒரு வெள்ளைச் சட்டை போனது பத்தாதா? எனக்கு எப்படித் தெரியுமா? நல்லாக் கேட்டீங்க போங்க. என் பொண்ணு வாலு இருக்காளே, அவ சொல்லாம இருப்பாளா? கதவுக்குப் பின்னாடி ஏப்ரன் தொங்குது பாருங்க, அதை மாட்டிக்குங்க. எங்க பார்சல் கிடங்குல குடுத்ததுதான். நெஞ்சுல கவனமாகக் கையாளவும்னு எழுதியிருக்கும். அதை மாட்டிக்கிட்டா நம்மளையும் அப்படிக் கையாளுவாங்கன்னு பார்த்தேன், ஒருத்தரும் கண்டுக்கலை.

உக்காருங்கன்னு சொல்லலாம்னா நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. அதை நான் எடுத்துக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. ராத்திரி ஷிப்ட் முடிச்சு நேரா வந்திருக்கேன். பெட்டி மடி, சாமானை வை, மூடு, ஒட்டு, அடுத்ததை எடு. எல்லாம் நின்னுக்கிட்டே. காலு ரெண்டும் யாருதோ மாதிரி இருக்கு. நான் உக்காந்து சொல்றேன், நீங்க செய்யுங்க. கத்துக்க வந்தது நீங்கதானே?

இல்ல சார், அவ இப்போதைக்கு வரமாட்டா. கீழ்வீட்டுத் தையக்காரம்மாகிட்ட வேற ஊருக்குக் குடிபோறோம்னு சொல்லிட்டு வரப் போயிருக்கா. அவங்க பூனைகிட்டயும் சொல்லணுமாம். அது எந்தக் கட்டிலுக்கு அடியில கிடக்கோ, முதல்ல தேடிப் பிடிக்கணும். சாப்பிட்டதும் கிளம்பினாப் போதும்னுதானே அவங்களும் சொன்னாங்க? அவங்கன்னா... பாருங்க, அவங்களை என்னன்னு சொல்றதுன்னே எனக்கு இன்னும் பிடிபடலை. என் பொண்டாட்டின்னு சொல்ல முடியாது. உங்க வீட்டம்மான்னு சொல்லப் போனா வாய் வரமாட்டேங்குது. வாலோட அம்மான்னு வெச்சுக்குவோம். நம்ம ரெண்டு பேருக்கும் பொது.

கறி என்ன வாங்கிட்டு வந்தீங்க? காட்டுங்க. கோழித் தொடைக்கறி, எலும்பில்லாம. பரவாயில்லையே, சொன்னதைச் சரியாத்தான் வாங்கியிருக்கீங்க. நெஞ்சுக்கறின்னா வெந்ததும் சக்கை மாதிரி ஆயிடும், அவ மென்னு மென்னு ஓரமா வெச்சிடுவா. உப்பு, மிளகுத்தூள், பூண்டு தட்டினது, கொஞ்சம் எண்ணெய். கையால பிசறுங்க சார், கரண்டி எதுக்கு? மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கைன்னா அழுக்கே படக்கூடாதா?

அது ஊறட்டும். அதுக்குள்ள சாஸ். பார்பிக்யூன்னா தோட்டம், கரி, புகைன்னு கடைக்காரன் படம் போட்டுக் காட்டுவான். நமக்கு ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. அதனால அந்தச் சின்னச் சட்டியில மிளகாய்த்தூளை எண்ணெய் ஊத்தாம சும்மா ஒரு புரட்டு புரட்டுங்க. புகை வாசனை வந்துடும். போதும் போதும், இறக்குங்க! இருமினீங்கன்னா ஜன்னல் பக்கம் திரும்பி இருமுங்க. எனக்கும்தான் கண்ணு எரியுது. இப்போ தக்காளி சாஸ், ஒரு மூடி வினிகர், சர்க்கரை. இன்னும் கொஞ்சம் போடுங்க. அவளுக்கு இனிப்புத் தூக்கலா இருக்கணும். அவ அம்மா வேணாம்பாங்க. அவங்க பார்க்காதப்ப போடுங்க. பொண்டாட்டி பார்க்காதப்ப சர்க்கரை போடக்கூடத் தெரியலேன்னா நீங்க என்னத்தக் குடும்பம் நடத்தப் போறீங்க?

கோவிச்சுக்கலையே? சும்மா சொன்னேன்.

நீங்க அன்னிக்கு போன் பண்ணி, ரொட்டியில கோழிய வெச்சுச் சுத்தற இந்த ராப்பை எப்படிப் பண்றதுன்னு கேட்டீங்களே. உங்க வீட்டுல அவ சரியாச் சாப்பிடறதில்ல, உங்க மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்தை பேசறதில்லன்னு சொன்னீங்களா, உண்மையச் சொன்னா எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. ஆமா சார். எதுக்கு மறைக்கணும்? என் பொண்ணு என் பக்கம்னு ஒரு திமிரு. அந்த வாரக் கடைசில அவ வந்தப்ப தூக்கினேன். கனமே இல்ல. பார்சல் தூக்கியே பழகின கை, எடை பார்க்காமலே தெரிஞ்சுடும். திமிரெல்லாம் அப்பவே இறங்கிடுச்சு. இனி நீங்க போற ஊரு பக்கத்துலயா இருக்கு? பள்ளிக்கூடம் லீவு விட்டாத்தான் நான் அவளைப் பார்க்கலாம். அதுவரைக்கும் அவ பட்டினியா இருந்து எனக்கு விசுவாசம் காட்டணுமா?

ம், சட்டி காய்ஞ்சிருச்சு. கறியப் போடுங்க. சொய்ங்னு கேக்குதா, அப்படித்தான். அய்யோ, புரட்டாதீங்க! இப்பதானே போட்டீங்க? கண்ணு டெஸ்ட்டா பண்றீங்க, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு மாத்தி மாத்திப் பார்க்க? ஒரு பக்கம் நல்லாச் செவக்கட்டும், அப்புறம் திருப்பிக்கலாம். சாஸை இப்பவே ஊத்திடாதீங்க. அதுல சர்க்கரை இருக்கு, தீஞ்சு போய் கசக்கும். கறி வெந்து, அடுப்பை அணைச்சதுக்கு அப்புறம்தான். நீங்க வீட்டுல பண்ணினப்ப முதல்லயே ஊத்தினீங்களாமே? வாலோட அம்மா சட்டியத் தேய்ச்சு மாளலையாம்.

இந்த ராப் எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேட்டீங்க இல்ல? பெருசா ஒண்ணுமில்ல. அவங்க தனியாப் போன புதுசு. வாரக் கடைசில இவ மட்டும் இங்க வருவா. என்ன போட்டாலும் தட்டுல கோலம் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. எனக்கும் சமைக்க வராது, அதுவும் உண்மை. ஒரு நாள் மிச்சமிருந்த கோழிக்கறியக் கடை ரொட்டியில சுத்தி, கிடங்குல இருந்து கொண்டாந்த பழுப்புக் காகிதத்துல பார்சல் மாதிரி மடிச்சேன். டேப்பு கிடையாது, கயிறு கிடையாது. பென்சிலால மேல் பக்கம்னு ஒரு அம்புக்குறி. வெளியில போய் நின்னு காலிங்பெல் அடிச்சேன். கதவைத் திறந்தா. மேடம், பார்சல் வந்திருக்கு, கையெழுத்துப் போடுங்கன்னேன். எதுல போடறதுன்னு கேட்டா. என்கிட்ட என்ன இருக்கு, உள்ளங்கைய நீட்டினேன். விரலாலயே போட்டா. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான். கையெழுத்துப் போடாம ஒரு வாய் சாப்பிடமாட்டா. அவ கையெழுத்துக்குக் கீழ ரெண்டு கோடு வேற இழுப்பா, பெரிய ஆபீசர் மாதிரி. கூசும். சிரிக்கக் கூடாது. டெலிவரி ஆளு சிரிக்கக் கூடாதாம்.

திருப்புங்க இப்போ. ஆங், பாருங்க எப்படிச் செவந்திருக்குன்னு. நல்லா வருது உங்களுக்கு. எனக்கே இப்படி வர எத்தனை தடவை கருக்கினேன் தெரியுமா?

கோஸை மெல்லிசா நறுக்கிடுங்க. இன்னும் மெல்லிசா. அந்த வெங்காயத்தை வினிகர் கலந்த தண்ணியில போட்டு வைங்க, காரம் போயிடும். ரொட்டிய ஈரத்துணியில சுத்திச் சூடு பண்ணணும், இல்லைன்னா மடிக்கறப்ப வெடிச்சிடும். உங்களுக்கு அன்னிக்கு வெடிச்சது அதனாலதான் பாதி. மீதி பாதி மடிப்பு சரியில்ல.

மடிப்பா? அதுக்கு இப்ப என்ன அவசரம்? முதல்ல கறியப் பிய்ங்க. ரெண்டு முள்கரண்டி வெச்சு, இழுத்து இழுத்து. இப்போ சாஸை ஊத்திக் கிளறுங்க. ஒரு துளி நாக்குல வெச்சுப் பாருங்க. என்ன? வாயைத் திறந்து சொல்லுங்க சார். நல்லாயிருக்கு இல்ல? நானும் பார்க்கறேன் குடுங்க... ம். இதுதான். இதேதான். கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிட்டா யார் பண்ணினதுன்னு எனக்கே தெரியாது.

சரி. சந்தோஷம்தான். ஏன் அப்படிப் பார்க்கறீங்க? தூக்கமில்ல சார், அதான் மூஞ்சி இப்படி இருக்கு.

அட, திரும்பத் திரும்ப மடிப்புலயே நிக்கறீங்களே. எல்லாம் கேளுங்க, உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, தீ எவ்வளவு. மடிக்கிறதை மட்டும் என்னைக் கேக்காதீங்க. நான் சொல்லித் தர்றதா இல்ல. சே சே, கஞ்சத்தனம் இல்ல சார். தொழில் ரகசியமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கிடங்குல நேத்து சேர்ந்தவனுக்குக்கூட அந்த மடிப்பு தெரியும்.

உங்க சட்டையில கொட்டுச்சே, அந்தக் கதைய வாலு எப்படிச் சொன்னா தெரியுமா? நீங்க கடிச்சீங்களாம், அடிப்பக்கம் திறந்துக்கிட்டு மொத்தமும் சட்டையில வழிஞ்சுதாம். நீங்க கையில வெறும் காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு அது எங்க போச்சுன்னு தேடினீங்களாம். சொல்லும்போதே சிரிப்பு அவளுக்கு. எழுந்து நின்னு உங்களை மாதிரியே நடிச்சுக் காட்டினா. கண்ணாடிய மூக்குல இறக்கிவிட்டுக்கிட்டு தேடினது உட்பட. மறுபடி மறுபடி சொன்னா, சாயங்காலம் வரைக்கும் சொன்னா. உங்க வீட்டுல இருந்து அவ கொண்டுவந்த முதல் சிரிப்பு சார் அது. இந்த ஆளுக்கு மடிக்க வராதது எவ்வளவு நல்லதாப் போச்சுன்னு அப்பதான் தோணுச்சு.

அதனால அவளுக்கு மடிக்கக் கத்துக் குடுத்துட்டேன். போன வாரம் பூரா அதான் வேலை. சின்னக் கை, ஆனா என்னைவிட நல்லா மடிக்கறா. அவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னேன், பாரு, அவருக்குச் சமைக்கிறது எப்படியாவது வந்துடும், மடிக்க மட்டும் வராது, நீதான் சொல்லிக் குடுக்கணும்னு. பேசாம எப்படிச் சொல்லிக் குடுக்க முடியும்? திட்டியாவது சொல்லிக் குடுத்துத்தானே ஆகணும்? திட்டுவா சார், நல்லாவே திட்டுவா. வாங்கிக்குங்க. அப்புறம் இன்னொண்ணு, கையெழுத்துக்கு நீங்களாக் கைய நீட்டிடாதீங்க. அவளாக் கேட்டாக் குடுங்க. கேக்கலைன்னா விட்டுடுங்க.

படியில சத்தம் கேக்குது பாருங்க. அவதான். பூனை கிடைச்சிடுச்சு போல.

காகிதம் அந்த மேசை மேல இருக்கு, பென்சிலும் இருக்கு. நீங்க எடுக்காதீங்க, அவ எடுப்பா. நான் சொன்னப்ப உடனே சரின்னு சொல்லலை சார் அவ. காகிதத்தைத் தடவிக்கிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா, அவர் நல்லாக் கத்துக்கிட்டா நீ வேண்டாமாப்பான்னு.

மெதுவாச் சொல்லிக் குடுன்னேன். நீங்களும் கொஞ்சம் மெதுவாவே கத்துக்குங்க சார்.