ஈயப் பெட்டியில் இருந்த பேட்ஜ்

தரையில் எது கொட்டினாலும் பலரும் நடுவிலிருந்துதான் துடைக்கத் தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் ஈரம் பரவும். ஓரத்திலிருந்து உள்நோக்கித் துடைக்க வேண்டும். கதிரியக்க அயோடின் என்றால் முதலில் உறிஞ்சுதாளால் மூடி, பிறகு துடைத்து, கதிரை அளக்கும் கருவியின் கடகடப்பு அடங்கும்வரை விடக் கூடாது. ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவுக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

சட்டையில் குத்தும் பேட்ஜையும் விளக்கிவிடுகிறேன். நம்மேல் படும் கதிர் அதில் பதியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளப்பார்கள். அளவு மீறினால் அந்த ஆளை விலக்கி, அறையைப் பூட்டி, விசாரிப்பார்கள். எங்களிடம் அப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை.

அன்று காலை, அந்த அயோடினை மருந்தாக விழுங்கிய நோயாளி அறை முழுக்க வாந்தி எடுத்துவிட்டார். போன அறிக்கையிலேயே என் அளவு எல்லையைத் தொட்டிருந்தது. துப்புரவு வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, எனக்கு நாலாம் மாசம். உள்ள போலாமா?"

"போன தடவை உன் பேட்ஜ்ல என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லன்னீங்க." சிரித்தாள். "டாக்டரம்மாவவிட நாந்தான் சுத்தமாம்ல."

"அப்புறம் என்ன பயம் தங்கச்சி? பேட்ஜைக் கழட்டிக் குடு, நனைஞ்சிடும்."

கொடுத்தாள். எப்போதும்போல ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். மூன்று வருடமாக, கொட்டியதை அவள் துடைக்கும்போதெல்லாம் அது அங்கேதான் இருந்தது. ஈயம் கதிரை உள்ளே விடாது.

முட்டிபோட்டு நாற்பது நிமிடம் துடைத்தாள். ஓரத்திலிருந்து உள்நோக்கி, அச்சுப் பிசகாமல். நடுவில் கிழிந்த கையுறையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒரு மூலைதானே பாக்கி, முடிச்சிடும்மா" என்றேன்.

தூரம் இருமடங்கானால் கதிர் கால்வாசியாகக் குறையும். அதனால் நான் கதவருகே நின்றேன்.

நான்காம் மாதத்தில் கருவின் கழுத்திலுள்ள, வளர்ச்சியை நடத்தும் தைராய்டு சுரப்பி வேலையைத் தொடங்குகிறது. தாயின் உடம்பில் எங்கே அயோடின் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். நல்லது கெட்டது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றும் தெரியும்.

குழந்தைக்கு இப்போது பத்து மாதம். இன்னும் தலை நிற்கவில்லை. ஸ்கேனுக்கு எங்கள் பிரிவுக்குத்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். படம் எடுத்தது நான். தைராய்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. நல்ல தெளிவான படம்.

ஆனால் ஐயா, விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் அவளுடைய பேட்ஜ் அறிக்கைகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்று வருடமும் எங்கள் பிரிவிலேயே குறைந்த அளவு அவளுக்குத்தான். அவளை அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன்.