கடல்பசுவா, குருவியா?

ஆம்பூரிலிருந்து குடியாத்தம் போகும் பஸ். என் முன் சீட்டில் ஒரு டீச்சரும், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண்ணும்.

"கடல்பசுவ முதல்ல காப்பாத்தணுமா, சின்னான் குருவியவா? இதான் பேச்சுப்போட்டி தலைப்பு, மேரி. உன் பொண்ணு ரெண்டையும் விட்டுட்டு, பாலாத்துல செத்துப்போன கெண்டை மீனப் பத்தி எழுதி வெச்சிருக்கா."

"நல்லாத்தான எழுதிக்கீறா டீச்சர்?"

"நல்லாத்தான். பரிசு குடுக்கறது உன் வூட்டுக்காரர் வேல செய்ற தோல் டேனரி முதலாளி. அந்தக் கழிவுலதான் கெண்ட செத்துச்சு."



"கடல்பசுன்னா இன்னா டீச்சர்?"

"கடலுக்குள்ள புல்லு மேயுமாம். நானும் படத்துலதான் பாத்தேன். சின்னான்னா மலையில பாடுற குருவி, மஞ்சத் தொண்ட. ரெண்டுமே அழிஞ்சிகிட்டு வருது."

"நம்ம டேனரியாலயா?"

"இல்ல. அதான் தலைப்பா குடுத்திருக்காங்க."

பாலாற்றுப் பாலம் வந்தது. நாற்றம் தாங்காமல் எல்லோரும் ஜன்னலை மூடினோம். மூடத்தான் தெரியும் எங்களுக்கு.

"கெண்டைய அடிச்சிடுங்க டீச்சர். அவங்கப்பாவுக்கு வேல போனா நாங்க இன்னா பண்றது? குருவிய பத்தியே பேசட்டும்."

"ஏன், கடல்பசு வேணாமா?"

"வேணாம் டீச்சர். அதப் பேசுனா தண்ணியப் பத்திப் பேசணும்."