வேகம் சரி என்றேன்

இந்த நாற்காலி ஆடுகிறது, திரு. கமலநாதன். ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைத்தால் நின்றுவிடும். கொடுங்கள், நானே வைக்கிறேன். ஆடுகிற எதன் மேலும் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. விபத்து நடந்து மூன்று வாரமாகத் தூக்கமும் சரியில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். விமான விபத்துகளை விசாரிக்கிற உங்களுக்கு இதெல்லாம் பழகியிருக்கும்.

விமானத்தைப் பெரும்பாலும் கணினிதான் ஓட்டுகிறது. அது கைவிடுகிற நேரத்துக்காகத்தான் எங்களுக்குச் சம்பளம். விபத்துக்குப் பத்து நாள் முன்னால், லங்காவித் தீவுக்குப் போகும் வழியில், மழை மேகத்துக்குள் அது கைவிட்டது. அலாரம் அடித்தது. நான்தான் பிடித்து ஓட்டியிருக்க வேண்டும். கை அசையவில்லை.

பக்கத்தில் துணை விமானி சுதர்சினி. எங்கள் கொண்டோ அடுக்குமாடியிலேயே இரண்டு மாடி கீழே குடியிருக்கிற பெண். லிஃப்டில் பார்த்தால் அங்கிள் என்பாள். விமானத்துக்குள் கேப்டன் என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு என் கையை மெல்ல விலக்கிவிட்டு, "விடுங்க அங்கிள், நான் பார்த்துக்கிறேன்" என்றாள். பத்திரமாக இறக்கியும்விட்டாள்.

அங்கிள். அதுவும் விமானி அறைக்குள்ளே.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடையில் எனக்கு ஒரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய தேநீர், வாங்கிக் கொடுத்தாள். "நான் எதுவும் எழுதல அங்கிள். நீங்களே மெடிக்கல் செக்கப் போயிட்டு, ஆபீஸ்ல சொல்லிடுங்க லா. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நான் எழுதித்தான் ஆகணும். கோவிச்சுக்காதீங்க."

திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவள் என் மேல் இரக்கப்பட்டாள். சொன்னால் என் இருக்கை போய்விடும். இருபத்தாறு வருஷம் கேப்டனுக்கான இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தவன் நான். அது இல்லாமல் என்னை யார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அவளும் ஒரே ஒரு தவறு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். சின்னதாகப் போதும். அதற்குப் பிறகு இருவரும் வாயை மூடிக்கொள்ளலாம். யோசித்துப் பாருங்கள், அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை. பினாங்கிலிருந்து கோலாலம்பூர். அன்றைக்கு ஓட்ட வேண்டியவள் அவள். கிள்ளானைத் தாண்டி இறங்கும்போது திடீரென்று வேறு ஓடுபாதை கொடுத்தார்கள். அவள் அதற்கான குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வேகத்தைக் கணினி கவனித்துக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. ஒரு தடவை அழுத்தினால் கணினி வேகத்தை விட்டுவிடும், சிவப்பு விளக்கு மின்னும். மறுபடி அழுத்தினால் அந்த விளக்கும் அணையும்.

இரண்டு தடவை அழுத்தினேன்.

ஓட்டாதவர் வேகத்தைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். அது எங்கள் முறை. வேகம் ஐந்து நாட் குறைந்திருந்தபோது, "ஸ்பீட் ஓகே" என்றேன். பதினான்கு குறைந்தபோதும் சொன்னேன். இருபத்து மூன்று குறைந்தபோதும் சொன்னேன். "தேங்க்ஸ், கேப்டன்" என்றாள். என் குரலை அவ்வளவு நம்பினாள். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அவள் பதறுவாள், நான் "விடும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொள்வேன். அதுதான் ஏற்பாடு. காலையில் லிஃப்டில் தனியாக இருந்தபோது அதைச் சொல்லிக்கூடப் பார்த்தேன். கடுமை இல்லாமல் சொல்ல வேண்டும் என்று.

வேகம் போதாமல் ஓட்டும் கைப்பிடி தடதடவென்று அதிர்ந்தது. நான் சொல்ல வேண்டிய நேரம். வாய் திறக்கவில்லை, கையும் அசையவில்லை. அவள்தான் என்ஜின்களை முழுக்கத் தள்ளினாள். அவை வேகம் எடுக்க ஆறேழு நொடி வேண்டும். எங்களுக்கு அவ்வளவு உயரம் இல்லை. ஓடுபாதைக்கு முன்னாலேயே வால் தரையில் மோதியது. பின்கதவு இருக்கையில் பணிப்பெண் தாமரை இருந்தாள். புறப்படுமுன் எனக்குச் சீனி குறைத்துக் காப்பி கொடுத்தவள். அவளும் கடைசி வரிசையில் மூன்று பயணிகளும் இறந்தார்கள். எனக்குத் தோளில் சிராய்ப்பு.

பதிவுப் பெட்டியில் அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது இருக்கிறது. சுதர்சினியின் பக்கத்திலும் அதே பொத்தான் உண்டு என்பதால் விரல் அவளுடையது, நான் வேகத்தைக் கவனிக்காமல் சரி என்றேன் என்கிறீர்கள். அவளும் மருத்துவமனையில் படுத்துக்கொண்டே, "என் கை பட்டிருக்கும், கவனிக்காம விட்டுட்டேன், அங்கிள் மேல தப்பே இல்ல" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். நேற்று அதைப் படித்துக் காட்டினீர்கள். அதனால்தான் இன்று நானாக வந்தேன். மறுபடியும் அவளுடைய தயவு எனக்கு வேண்டாம்.

விரல் என்னுடையது. வேகம் குறைவதைத் தொடக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவனும் நான்தான். மூன்று தடவையும் தெரிந்தே பொய் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். வாக்குமூலத்தின் மேலே என் பெயரை வெறும் திருச்செல்வம் என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் கேப்டன் என்று சேருங்கள்.